தங்கலான் பார்த்துத் தங்கவயல்காரர்கள் அழுதது எதற்கு?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் வேலை பார்க்கும் மதுரைக்காரர். 2024 ஆகஸ்ட்டில் இங்கே ஒரு தியேட்டரில் 'தங்கலான்' பார்த்திருக்கிறார். படம் பாதிக்கு மேல் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் பின்வரிசையில் ஒரு குடும்பம், பாட்டி முதல் பேத்தி வரை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருந்ததாம். வெளியே வந்து பேச்சுக் கொடுத்தால் கர்நாடகத்துக் கோலார் தங்கவயல்காரர்கள். "அப்படி அழ அதில் என்ன இருக்கிறது? எவ்வளவு நிஜம், எவ்வளவு கற்பனை? நேரில் போனால் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

என் தாத்தாவும் அப்பாவும் அந்தத் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர்கள். நான் பிழைப்புக்கு பெங்களூர் வந்து லிங்கராஜபுரத்தில் தங்கிவிட்டேன். எங்கள் சொந்தத்தில் இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆளுக்கொரு மாதிரி சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பம் அழுதது திரையில் ஓடிய கதைக்காக மட்டும் இருக்காது என்பது என் கணிப்பு. படம் முடிகிற இடத்திலிருந்து அடுத்த நூற்றைம்பது வருஷம் நடந்தது ஒன்று இருக்கிறது. அது படத்தில் கிடையாது. எங்கள் ஆட்கள் அதையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். அது தெரியாமல் உட்கார்ந்தவருக்குப் பாதிப் படம் புரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

பா. ரஞ்சித் கதையை 1850இல் வைக்கிறார். வட ஆற்காட்டில் வேப்பூர் என்று ஒரு கிராமம். விக்ரம் செய்த பாத்திரத்துக்குச் சொந்தமாகத் துண்டு நிலம் இருக்கிறது. மிராசுதாருக்கு அது கண்ணில் உறுத்துகிறது. விளைந்த பயிர் எரிகிறது, வரி பாக்கி என்று நிலம் பறிபோகிறது, குடும்பமே பண்ணைக்கு அடிமையாகிறது. அப்போது தங்கம் தேடி ஒரு வெள்ளைக்காரத் துரை வருகிறார். நிலத்தை மீட்கலாம் என்ற நம்பிக்கையில் அவரோடு கோலார் பக்கம் கிளம்புகிறார்கள். அங்கே தங்கத்துக்குக் காவலாக ஆரத்தி என்ற நாக குலத்துப் பெண் நிற்கிறாள். அப்புறம் ரத்தமும் மாயமும்.

ஆரத்தியும் மாயமும் கற்பனை, அதில் குழப்பம் வேண்டாம். துரையும் கற்பனைதான். ஆனால் வருஷத்தை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். 1802இல் ஜான் வாரன் என்ற லெப்டினன்ட், திப்பு வீழ்ந்த பிறகு மைசூரின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டு வந்தபோது, இன்றைய தங்கவயலில் உள்ள ஊரிகம் பக்கம் தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டார். வெகுமதி அறிவித்ததும் ஊர்க்காரர்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னால் கழுவிக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் ஆண்கள் குழியில் இறங்கிக் கல்லை மேலே அனுப்புவதையும், பெண்கள் அதை இடித்துக் கழுவுவதையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார். ஆக, தங்கம் எங்கே இருக்கிறது என்று வெள்ளைக்காரனுக்குக் காட்டியதே ஊர் ஆட்கள்தான். விக்ரமின் முன்னோர்கள் ஆற்று மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதாக வரும் காட்சியைப் பலர் கட்டுக்கதை என்று நினைத்தார்கள். படத்திலேயே ஆவணத்துக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்பது அதுதான்.

வாரனுக்குப் பிறகு பல பேர் முயன்று கையைச் சுட்டுக்கொண்டார்கள். உருப்படியாக ஆரம்பித்தது மைக்கேல் லாவெல். நியூசிலாந்தில் மாவோரிகளோடு நடந்த போரில் இருந்துவிட்டு பெங்களூர் கன்டோன்மென்டில் வந்து தங்கிய ஐரிஷ்காரர். வாரனின் பழைய அறிக்கையைப் படித்துவிட்டு, 1871இல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போனார். 1875இல் குத்தகை வாங்கினார். நீங்கள் சனிக்கிழமை காபி குடிக்கப் போகும் லாவெல் ரோடு அவர் பெயரில் இருப்பதுதான். அவரிடம் பணம் போதவில்லை. லண்டனிலிருந்து 1880இல் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்த பிறகுதான் நிஜமான சுரங்கம் தோண்டப்பட்டது.

அதாவது, எங்கள் முன்னோர் கூட்டம் கூட்டமாகப் போனது 1880களில். நடுவில் ஒரு பெரிய விஷயம் நடந்தது: 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். வட ஆற்காடு, சேலம் பக்கத்துக் கிராமங்களை அது உலுக்கிப் போட்டது. படத்தில் ஒரு மிராசுதாரின் கெட்ட எண்ணம் குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்துகிறது. நிஜத்தில் பஞ்சமும் மிராசும் சேர்ந்து துரத்தின. இந்தப் பஞ்சம் படத்தில் வராதது எனக்குக் குறையாகத்தான் பட்டது. கதையை இருபத்தைந்து வருஷம் தள்ளி வைத்திருந்தால் இன்னும் கனமாக இருந்திருக்கும். ஆனால் இயக்குநர் காட்ட நினைத்தது சுரங்கம் தொடங்குவதற்கு முந்தைய கணத்தை என்று தோன்றுகிறது. சரி, அது அவர் இஷ்டம்.

நில விவகாரத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் முதல் அழுகை அங்கேதான் வந்தது. என் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. பயிர் எரிகிற காட்சியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "எங்க தாத்தா சொல்வாரு, குடியாத்தம் பக்கம் நமக்கும் நிலம் இருந்துச்சுன்னு. நாங்க நம்பல" என்றார். தங்கவயலில் பல குடும்பங்களில் இப்படி ஒரு 'இருந்த நிலம்' பேச்சு உண்டு. பேரப்பிள்ளைகள் பெரியவரின் வீண் பெருமை என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அது வீண் பெருமை இல்லை என்பதற்கு அரசாங்கத்தின் காகிதமே சாட்சி. விவசாயியே அரசாங்கத்துக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரி முறையில், தரிசு நிலத்துக்கு யாரும் தரக்காஸ்து, அதாவது மனு, போட்டு வாங்கலாம் என்பது சட்டம். செங்கல்பட்டு, வட ஆற்காடு மாதிரி மிராசு வலுவாக இருந்த இடங்களில் சேரி ஆள் அப்படி மனுப் போட்டால் மிராசுதார் முன்னுரிமை கேட்டுத் தடுத்துவிடுவார். மீறி வாங்கினால் பொய்க்கடன், வழக்கு, குடிசையைக் காலி செய்யச் சொல்லி மிரட்டல் என்று தொடரும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இதையெல்லாம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. அதையொட்டித்தான் 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் உத்தரவு வந்தது. அந்த நிலமும் பிற்பாடு பெருமளவு கைமாறிப்போனது வேறு கதை. படம் 1850இல் காட்டும் பறிப்பு, அந்த அறிக்கையில் உள்ள ஒரு வழக்கை எடுத்துக் கதையாக்கியது போலவே இருக்கிறது. அத்தைக்கு ட்ரெமென்ஹீர் யாரென்று தெரியாது. தாத்தா சொன்னதைத் திரையில் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்தது ரவிக்கைக் காட்சி. பெண்கள் தைத்த ரவிக்கையை முதல் முதலாகப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள். படத்தைத் திட்டியவர்கள்கூட இதைத் திட்டவில்லை. பலரும் இதைத் தோள்சீலைப் போராட்டத்தோடு சேர்த்துப் பேசினார்கள். அது வேறு ஊர், வேறு வரலாறு. தெற்குத் திருவிதாங்கூரில் 1820கள் தொடங்கி நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்குப் போராடி, 1859இல் ராஜா அறிவிப்பு வெளியிட்டார். வட ஆற்காட்டில் வறுமை, சாதிக் கட்டுப்பாடு, பழக்கம் எல்லாம் சேர்ந்த நிலை. இங்கே திரையில் யாரும் யாரையும் எதிர்த்துக் கோஷம் போடுவதில்லை. துணி உடம்பில் ஏறுகிறது, உடம்பு நிமிர்கிறது. நடிகை பார்வதி அந்த ஒரு நிமிஷத்தில் செய்ததை நான் பக்கம் பக்கமாக எழுதினாலும் ஈடாகாது. எனக்குக் கண் கலங்கியது இங்கேதான். சோகத்தில் இல்லை.

புத்தர் சிலைக்கு வருகிறேன். தலை துண்டிக்கப்பட்ட புத்தர் படத்தில் வரும்போது உங்களைப் போல வெளியூர்க்காரர்கள் பலர் 'இயக்குநர் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்' என்று நெளிந்திருப்பார்கள். உங்கள் பின்வரிசைப் பாட்டி நெளிந்திருக்க மாட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் பௌத்த சங்கம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட மக்கள் ஆதியில் பௌத்தர்கள் என்று எழுதிவந்தார். 1907இலிருந்து அவர் நடத்திய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் பெரிய வாசகர் கூட்டம். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கக் கிளைகள் இருந்தன. 1914இல் அவர் மறைந்த பின் இதழ் நின்று, 1926இல் மறுபடி வந்தபோது வெளிவந்தது தங்கவயலிலிருந்து. பண்டிதமணி ஜி. அப்பாதுரையார் அதற்குப் பின்னால் நின்றார். அயோத்திதாசர் நூல்களை விடாமல் அச்சடித்துக் காப்பாற்றியதும் அங்கே இருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். பூமிக்கு அடியில் பாறை உடைத்தவர்கள் சம்பளத்தில் காசு ஒதுக்கிப் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். சென்னையில் இன்றைக்கு அயோத்திதாசர் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் அந்தச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கடன்பட்டவர்கள். இதை நான் கொஞ்சம் வீறாப்பாகவே சொல்வேன்.

நாகர், பௌத்தம், பூர்வகுடி என்று கடைசி முக்கால் மணி நேரத்தில் படம் பின்னும் முடிச்சு முழுக்க அயோத்திதாசரின் வாதம். அதை வரலாற்றாய்வாளர்கள் எல்லாரும் ஏற்பதில்லை. ஆனால் தங்கவயலில் அது நம்பிக்கையாக, கல்யாணச் சடங்காக, பிள்ளைக்கு வைக்கும் கௌதமன், சித்தார்த்தன் என்ற பெயராக வாழ்ந்த விஷயம். பசுபதி செய்த வைணவப் பாத்திரம் பூணூல் போட்டுக்கொண்டு வைகுண்டத்துக்கு வழி தேடுவதைப் பார்த்து எங்கள் வரிசையில் சிரிப்பு அள்ளியது. அதிலும் உண்மை இருக்கிறது. ராமானுஜர் பெயரைச் சொல்லி நாமம் தரித்த சேரிக் குடும்பங்கள் வட ஆற்காட்டில் உண்டு. எங்கள் சொந்தத்திலேயே ஒரு கிளை அப்படி.

இனி படத்தில் வராத பகுதி.

சுரங்கம் தொடங்கியதும் கம்பெனி லைன் லைனாகத் தட்டி வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. மூங்கில் தட்டியில் மண் பூசிய, ஒரே அறை. வெள்ளைக்காரர்கள் பக்கம் பங்களா, கிளப், தோட்டம் என்று 'லிட்டில் இங்கிலாண்ட்' ஆனது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு அது 1905இல்தான் வந்தது. தங்கத்தின் யந்திரங்களுக்கு முதலில், தலைநகருக்கு அப்புறம்! சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றைக் கீழே அனுப்பித்தான் வேலை வாங்க முடியும்.

அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். மேலே லைனில் பாத்திரம் அதிரும். என் அம்மா எந்த வேலை செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நின்று, அப்பா எந்த ஷிஃப்ட் என்று மனதுக்குள் கணக்குப் போடுவார். தெருவில் எல்லாப் பெண்களும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். உயிர் தப்பியவர்களுக்கு நுரையீரலை அரிக்கும் சிலிக்கா பாறைத் தூசி. எங்கள் பக்கம் நாற்பத்தைந்து வயதில் மாடிப்படி ஏற முடியாத ஆண்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் சோதனை. 1930இல் தொழிலாளர்கள் எல்லாரிடமும் கைரேகை எடுக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது மூன்று வாரம்போல வேலை நிறுத்தம் நடந்தது. திருடனுக்கு எடுப்பதை எங்களுக்கு ஏன் எடுக்கிறாய் என்பது அவர்கள் கேள்வி. கம்பெனி பின்வாங்கியது.

நூற்றிருபது வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அது மத்திய அரசின் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆனது. தங்கம் குறைந்து, எடுக்கிற செலவு விற்கிற விலையைவிட ஏறி, 2001 பிப்ரவரி 28இல் மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து ஊரின் பாதி, விடிவதற்கு முன்னால் ரயிலேறி பெங்களூர் வந்து ராத்திரி திரும்புகிறது. உங்கள் அலுவலகத்தில் பாதுகாப்பு, ஹவுஸ்கீப்பிங், கணக்கு, கோடிங் என்று எந்த மாடியில் விசாரித்தாலும் ஒரு தங்கவயல்காரர் கிடைப்பார்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பாருங்கள். விக்ரம் கையில் தங்கத்தை ஏந்திப் பரவசப்படும் இடத்தில் சாதாரண ரசிகர் கைதட்டுகிறார். ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளியான என் மாமா அந்த இடத்தில்தான் தலையைக் குனிந்துகொண்டார். "எடுக்காதடா, போயிடுடா" என்று முணுமுணுத்தாராம், பக்கத்தில் இருந்த அவர் மகள் சொன்னாள். தங்கத்தைக் கண்டுபிடித்தபின் அந்தக் கூட்டத்துக்கு என்னவாகும் என்று அரங்கில் தெரிந்தவர் அவர் ஒருவர். இயக்குநர் அதைக் காட்டவே இல்லை.

எல்லாரும் அழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் அண்ணன் மகன், இருபத்து நாலு வயது, கோபமாக வந்தான். "நம்ம ஊரை வெச்சு எடுத்தா தாதா படம், இல்லன்னா பேய்ப் படம். ஷிஃப்டுக்குப் போய் வந்த ஒரு மனுஷனை எவனும் எடுக்கமாட்டான்" என்றான். தாதா படம் என்று அவன் சொன்னது, எங்கள் ஊரின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தையே தலைப்பாக வைத்த, யாஷ் நடித்த 'கே.ஜி.எஃப்'. அதன் இரண்டு பாகமும் நாடெங்கும் ஓடின. தங்கம் பிரித்த கழிவு குவிந்த எங்கள் சயனைட் மேட்டில் படப்பிடிப்பு நடத்தி, எங்கள் ஊரை ஒரு ரவுடிக் கூடாரமாக உலகத்துக்கு அறிமுகம் செய்துவைத்தன. வெளிநாட்டில் ஊர் பெயரைச் சொன்னால் துப்பாக்கி மாதிரி கைகாட்டிச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்கு எரிச்சல். அவன் கோபத்தில் பாதி நியாயம். கன்னட நண்பர் ஒருவர் வேறொன்று கேட்டார்: அந்த மண்ணில் கன்னடமும் தெலுங்கும் பேசிய ஊர்க்காரர்கள் இருந்தார்களே, அவர்கள் படத்தில் எங்கே? கேட்க வேண்டிய கேள்விதான்.

எனக்குப் படத்தில் பிடிக்காதவையும் உண்டு. இடைவேளைக்குப் பிறகு கத்தல் அதிகம். வட ஆற்காட்டு வழக்கு என் காதுக்குத் தேன், ஆனால் ஒலி சரியாக விழாததால் அந்த வழக்கு தெரிந்த நானே சில இடங்களில் தடுமாறினேன், மதுரைக்காரரை என்ன சொல்ல? மாய வித்தைகள் இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்ப வந்து அலுப்பூட்டின.

ஒப்பிட்டால், பாலாவின் 'பரதேசி' (2013) அழவைப்பதில் இதைவிடக் கெட்டி. தேயிலைத் தோட்டத்துக்கு ஏமாற்றி அழைத்துப்போகப்பட்டவர்களின் கதை. டாக்டர் பி. எச். டேனியலின் ஆங்கில நாவல்தான் அதற்கு மூலம். அந்தப் படம் பார்ப்பவரின் கழுத்தைப் பிடித்து அழவைக்கும். நாவலில் தொழிலாளிகளுக்காக நிற்கும் டாக்டரை, மதம் மாற்றும் கேலிப் பாத்திரமாக ஆக்கியதற்கு அப்போதே கண்டனம் வந்தது. 'தங்கலான்' பரிதாபத்தைக் கேட்டு நிற்பதில்லை. அடிபட்டவன் கடைசிவரை திமிராக நிற்கிறான். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடித்தது அந்தத் திமிர். அழுதுகொண்டே பெருமைப்படுவது எப்படி என்று உங்கள் பின்வரிசைப் பேத்தியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

நேரில் போவதானால்: பெங்களூரிலிருந்து ரயிலிலேயே போங்கள், பங்காரப்பேட்டையில் பிரிந்து மாரிக்குப்பம் வரை ஒரு கிளைப்பாதை உண்டு, 1894இல் சுரங்கத்துக்காகப் போட்டது. மாலையில் எதிர்த்திசையில் வரும் வண்டியின் கூட்டத்தையும் ஒரு தடவை பாருங்கள். சுரங்கத்துக்குள் போக முடியாது, அடியெல்லாம் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. ஆட்கள் கீழே இறங்கிய குழிகளான ஷாஃப்ட்டுகளின் இரும்புக் கோபுரங்களை வெளியிலிருந்து பார்க்கலாம். சாம்பியன் ரீஃபில் இறங்கி நடந்தால் லைன் வீடுகளும் மாதா கோயிலும் புத்த விகாரும் பக்கம் பக்கமாக இருக்கும். சாம்பல் நிறக் குன்றுகள் சயனைட் கழிவு. படமெடுக்க ஏறாதீர்கள், காற்றடித்தால் அந்தத் தூசி மூச்சில் போகும். மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டை டீக்கடைகளில் காலை பத்து மணிவாக்கில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். "ஐயா, நீங்க எந்த ஷாஃப்ட்டு?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். திரும்பும் ரயிலுக்கு நேரம் வைத்துக்கொண்டு கேளுங்கள், அவர்கள் சீக்கிரம் விடமாட்டார்கள்.